காயும் மாதத்துப் புதினா

மலையகத்தில் கோடை என்று சொன்னால் யாழ்ப்பாணத்து, மட்டக்களப்பு நண்பர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் சிரிப்பதும் நியாயம்தான். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகை செல்சியஸை ஒட்டித்தான். பெப்ரவரியில் பகல் முழுக்க முகம் கருக வெயில் அடிக்கும். அதே நாள் விடியற்காலையில் மரக்கறிப் பாத்திகளில் பனி உறைந்து வெள்ளையாகக் கிடந்திருக்கும். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கோடையைப் பற்றிப் பேசுகிற ஆட்கள் நாங்கள்.

எங்கள் கோடையை வெப்பமானியில் பார்த்துப் பயனில்லை. தண்ணீர்ப் பீலியில் பார்க்க வேண்டும். குடம் நிறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது, வரிசை எவ்வளவு நீளம், முன்னால் நிற்கிற மதினி எத்தனை குடம் கொண்டுவந்திருக்கிறார் என்பதில்தான் அது தெரியும்.

அதிலும் ஒரே மலைக்கு இரண்டு கோடை. மே முதல் செப்டெம்பர் வரை அடிக்கிற தென்மேற்குப் பருவமழை அட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் கொட்டித் தீர்த்துவிடும். நடுவில் நிற்கிற மலைத்தொடரைத் தாண்டும்போது காற்றில் ஈரம் மிஞ்சுவதில்லை. அதனால் பதுளை, பண்டாரவளை, வெலிமடை எல்லாம் அதே மாதங்களில் காய்ந்துபோகும். கச்சான் காற்று என்பது அங்கே அந்தக் காய்ந்த காற்றைத்தான். மார்கழி வாக்கில் கதை தலைகீழ்: வடகீழ்ப் பருவமழை பதுளை, பண்டாரவளை அடங்கிய ஊவாவை நனைக்கும், அது ஓய்ந்து வரும் ஜனவரி, பெப்ரவரி, மார்ச்சில் எங்கள் பக்கம் காயும். அக்காவைப் பண்டாரவளைப் பக்கம் கட்டிக்கொடுத்திருப்பதால் எங்கள் குடும்பத்துக்கு இரண்டு கோடையும் பழக்கம். ஓகஸ்டில் அட்டனில் குடையோடு கோச்சி ஏறுவோம். பட்டிப்பொளை தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழையும்வரை ஜன்னலில் மழை. ஒஹியப் பக்கம் வெளியே வந்தால் வெயில், புழுதி.

இந்தக் காயும் மாதங்களில்தான் தேயிலைக்கு மரியாதை. எங்கள் பக்கத்துத் திம்புள, நுவரெலியாத் தேயிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை, ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை குவாலிட்டி சீசன். மழை நின்று, குளிர்ந்த காய்ந்த காற்று அடிக்கும்போது கொழுந்து அவசரமாக வளராது. வளர்ச்சி மெதுவானால் வாசப்பொருள் இலையிலேயே செறியும். ஊவாவின் கச்சான் காலத் தேயிலையில் புதினாவை நினைவூட்டும் ஒரு வாசம் இருக்கிறது என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். அது மெதைல் சாலிசிலேட் என்ற பொருள்; வலித்தைலங்களில் மணப்பதும் அதுதான். புதினா மணத்துக்காக ஒரு தேயிலைக்கு ஏலத்தில் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். எங்கள் வரிசை வீடுகளான லயத்தின் கோடியில் உண்மையான புதினா அதே வெயிலில் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, அதற்கு ஏலமும் இல்லை, ஏற்றுமதியும் இல்லை.

கொழுந்து பறிப்பவர்களுக்கு இந்த சீசனில் என்ன கிடைக்கிறது என்பது வேறு கதை. இலை மெதுவாக வந்தால் கிலோ குறையும். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். தேயிலை நன்றாக மணக்கிற மாதத்தில்தான் கை இறுக்கமாக இருக்கும். அதனால்தான் காசு கொடுக்காமல் கிடைக்கும் ஒரு பச்சை இலையைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதத் தோன்றுகிறது.

புதினாவை மழை மாதத்தில் பார்த்திருப்பீர்கள். இலை அகலமாக விரியும், தண்டு நீண்டு சாயும், கிள்ளினால் தண்ணீர் வாசம். அடியில் ஆரஞ்சு நிறப் பொடி ஒட்டியிருந்தால் அது துரு நோய். இலங்கையில் 1869 முதல் காப்பியை அழித்து, தேயிலைக்கு வழிவிட்ட துருவுக்கு இது தூரத்துச் சொந்தம். அந்தத் தண்டுகளைத் தரையோடு வெட்டி எரித்துவிட வேண்டும், குப்பைக்குழியில் போடக் கூடாது. வெயில் வந்ததும் செடி வேறு ஆளாகிவிடும். இலை விரல் நுனி அளவுக்குச் சிறுத்து, தடித்து, கருமை ஏறும். புதினாவின் எண்ணெய் இலைக்குள் ஆழமாக இல்லை, மேற்பரப்பில் இருக்கும் மிக நுண்ணிய சுரப்பிகளில் இருக்கிறது. அதனால்தான் சும்மா கை பட்டாலே மணக்கிறது. வெயில் பட்ட சிற்றிலை ஒரு பிடிக்கு மழைக்கால இலை இரண்டு பிடி சமம் என்பது என் கணக்கு. எங்கள் அப்பாயி இதைத் தனக்குத் தெரிந்த மாதிரி சொல்லும்: “தண்ணிய ஊத்திக்கிட்டே இருந்தா எலதான் வரும், வாசம் வராது.”

அதற்காகக் காயவிட்டுவிடவும் கூடாது. முற்றிலும் தண்ணீர் இல்லாவிட்டால் தண்டு விறகாகி, அடியிலை மஞ்சளித்து, கசப்பு ஏறும். அரிசி கழுவிய தண்ணீரைப் பொழுது சாய்ந்ததும் வேரில் ஊற்றினால் போதும். சோப்புத் தண்ணீர் ஓடுகிற கானுக்குப் பக்கத்தில் நட வேண்டாம். புதினா அங்கே செழிப்பாகத்தான் வரும், ஆனால் நாம் பச்சையாகத் தின்கிற இலை அது. தேயிலை மலையின் ஓரமும் வேண்டாம். புல்லுக்கு மருந்து அடிக்கிற நாளை யாரும் நம்மிடம் கேட்டு முடிவு செய்வதில்லை. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை 2015இல் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தினார்கள். தடை இருந்தாலும் தளர்ந்தாலும் என் புதினா வீட்டுச் சுவரை ஒட்டி உரச்சாக்கில்தான்.

சாக்கில் வளர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. லயத்தைச் சுற்றி எத்தனை தலைமுறை கொத்திப் பயிரிட்டாலும் அந்த நிலம் நம் பெயரில் இல்லை. ஏழு பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் என்று சில குடும்பங்கள் லயத்தை விட்டுப் போனபோது கொய்யா மரத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. புதினாவைக் கொண்டுபோனார்கள். ஒரு விரல் நீளத் தண்டை முறித்து ஈரத்தில் ஊன்றினால் வேர் விட்டுவிடும். விதை தேடவும் தேவையில்லை; தேடினாலும் கிடைப்பது அரிது. பகல் நீளும் காலத்தில் பூக்கும் செடி இது. ஆண்டு முழுக்க ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரப் பகல் இருக்கிற நம் நாட்டில் அதற்குப் பூக்க மனம் வருவதில்லை.

பறிப்பது காலையில், பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன். தண்டோடு வெட்டாமல் நுனியைக் கிள்ளினால் இரண்டு பக்கமும் கிளை வெடிக்கும். கொழுந்து பறித்த கைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, பிறகு நல்ல தண்ணீரில் அலசி, ஈரம் போக உதறி வைக்க வேண்டும். தண்ணீர் தட்டுப்பாடான மாதத்தில் அந்த அலசிய தண்ணீரும் சாக்குக்கே போகும்.

சரி, சமையலுக்கு வருவோம். முதலில் சம்பல். ரொட்டிக்குப் புதினா சம்பல் எல்லா வீட்டிலும் உண்டு, ஆனால் பெரும்பாலும் எல்லாவற்றையும் கிரைண்டரில் ஒன்றாகக் கொட்டிச் சுற்றிவிடுகிறார்கள். பிறகு கறுத்துப்போய்விட்டது என்று குறை. அரைபடும்போது இலையின் திசுக்கள் உடைகின்றன. உள்ளே இருக்கும் நொதியம் காற்றோடு சேர்ந்து இலையைக் கறுக்க வைக்கிறது. கிரைண்டரின் சூடு அதை இன்னும் விரட்டும். தேசிக்காய்ப் புளி அதைக் கொஞ்சம் அடக்கும். அதனால் வரிசை முக்கியம். அம்மியில் முதலில் உப்பு, பச்சைக் கொச்சிக்காய் 3, சிறு துண்டு இஞ்சி, ஒரு பல் உள்ளி. இவை நன்றாக மசிந்ததும் தேங்காய்ப்பூ. அது ஒன்றிரண்டாக அரைபட்டதும் சின்ன வெங்காயம் 5. கடைசியில் புதினா ஒரு பிடி. புதினாவை அரைக்க வேண்டாம். குழவியை நாலைந்து தரம் இழுத்தால் போதும், இலை நசுங்கி மற்றதோடு ஒட்டிக்கொள்ளும். அம்மியிலிருந்து வழித்த பிறகுதான் தேசிக்காய்.

மழைக்காலத்துக்கும் வெயில் காலத்துக்கும் ஒரே அளவு சொல்கிற சமையல் குறிப்புகளை நான் நம்புவதில்லை. ஜூலையில் எங்கள் பக்கத்து இலைக்கு இரண்டு பிடி போட்டு, தேங்காயைக் குறைத்தால்தான் சம்பல் புதினா சம்பலாக இருக்கும். பெப்ரவரியில் அதே இரண்டு பிடி போட்டால் நாக்கு மரத்துப்போகும்.

தேங்காய் என்றதும் விலை ஞாபகம் வருகிறது. இந்த உயரத்தில் தென்னை காய்க்காது. ஒவ்வொரு தேங்காயும் கீழேயிருந்து லொறி ஏறி வருகிறது. ஒரு காய் 200 ரூபாயைத் தாண்டியபோது எங்கள் லயத்தில் சம்பல் வெள்ளையிலிருந்து பச்சைக்கு மாறிவிட்டது. பாதித் தேங்காய்க்குப் பதில் வறுத்த நிலக்கடலை சேர்த்தவர்கள் உண்டு. நன்றாகத்தான் இருந்தது. எனக்கு அதைவிடப் பிடித்தது தேங்காயே வேண்டாத மரத்தக்காளிச் சம்பல்.

மரத்தக்காளியை மலைநாட்டுக்கு வெளியே பலருக்குத் தெரியாது. முட்டை வடிவில், சிவந்து, உள்ளே கறுப்பு விதையோடு, தக்காளிக்கும் கொய்யாவுக்கும் நடுவில் ஒரு புளிப்போடு இருக்கும். வேலியோரம் ஒரு மரம் நின்றால் வீட்டுக்கும் போதும், பக்கத்து வீட்டுக்கும் போதும். தோல் கசக்கும், அதனால் பச்சையாக வெட்டிப் போடக் கூடாது. நாலு பழத்தை விறகடுப்புத் தணலில் தோல் கருகி வெடிக்கும்வரை சுட வேண்டும். ஆறியதும் தோல் தானாகக் கழன்றுவிடும். காய்ந்த கொச்சிக்காய் இரண்டையும் அதே தணலில் காட்டி, உப்போடு நசுக்கி, பழத்தையும் சேர்த்துப் பிசைய வேண்டும். பொடியாக வெட்டிய சின்ன வெங்காயம், கையால் கிழித்த புதினா, கடைசியில் சில சொட்டு நல்லெண்ணெய். தேசிக்காய் வேண்டாம், பழத்தின் புளிப்பே தாராளம். கொஞ்சம் சீனி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். என் வீட்டில் அதற்கு அனுமதி இல்லை. புகை மணமும் புதினா மணமும் சண்டை போடாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். சுடச்சுட ரொட்டிக்கு இதைத் தொட்டுக்கொண்டால் கறி வைக்கவே தோன்றாது.

கறியில் புதினா போடுவதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: அடுப்பு அணைந்த பிறகுதான். புதினா எண்ணெய் எடுக்கிற ஆலைகளில் செய்வது என்ன? இலைக்குள் நீராவியைச் செலுத்தி, வாசத்தை அந்த ஆவியோடு வெளியேற்றி, குளிரவைத்துப் பிடிக்கிறார்கள். திறந்த சட்டியில் கொதிக்கவிடும்போது நாமும் அதையே செய்கிறோம், பிடிப்பதுதான் இல்லை. வீடு மணக்கும், கறி மணக்காது. புரியாணிக்கு இது பொருந்தாது. அங்கே தம் போட்டு மூடிவிடுவதால் ஆவி சோற்றுக்கே திரும்பி வரும். எங்கள் டவுனில் உள்ள முஸ்லிம் வீடுகளில் தமுக்குள் ஒரு புதினா, பக்கத்தில் பச்சையாக அரைத்த சம்பலில் ஒரு புதினா என்று இரண்டு விதமாகவும் வைப்பார்கள். அது சமையல் தெரிந்தவர்கள் வேலை.

வெலிமடை உருளைக்கிழங்குக்கு இந்த முறை அப்படியே பொருந்தும். அக்கா வீட்டுக்குப் போனால் ஒரு பை கொண்டுவராமல் வருவதில்லை. தோலோடு அவித்து, கத்தி வைக்காமல் கையால் உடைக்க வேண்டும். உடைந்த முகத்தில்தான் தாளிதம் ஒட்டும். தாச்சியில் கடுகு, காய்ந்த கொச்சிக்காய், கறிவேப்பிலை, நீளமாக அரிந்த பெரிய வெங்காயம், கொஞ்சம் மஞ்சள். கிழங்கைப் போட்டு விளிம்பு சிவக்கும்வரை பிரட்டி இறக்கிவிட்டு, சூடு சற்று அடங்கியதும் ஒரு பிடி புதினாவைத் தூவிக் கிளறி மூடி வைக்கவும். சாப்பிடும்போது திறந்தால் போதும். மைசூர்ப் பருப்புக்கும் இதே வழிதான்.

கரட் சம்பலுக்கு அடுப்பே வேண்டாம். துருவிய கரட், வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், தேங்காய்ப்பூ, உப்பு, தேசிக்காய், அப்புறம் புதினா. காயும் மாதத்துக் கரட் இனிப்பாகவும் இருக்கும். நோக்கோலையும் மெல்லிசாகச் சீவி இப்படிச் செய்யலாம். கோவாவுக்குப் புதினா ஒத்துவராது, போஞ்சிக்கும் ஒத்துவராது. மாசி போட்ட எதிலும் புதினா போடாதீர்கள். கருவாட்டில் வேண்டவே வேண்டாம்.

புதினா உடம்புக்குக் குளிர்ச்சி என்று எல்லோரும் சொல்கிறோம். உடம்பின் சூடு ஒரு பாகைகூட இறங்குவதில்லை. நரம்புகளில் குளிரை உணரும் ஒரு வாயில் இருக்கிறது, டிஆர்பிஎம்8 என்று பெயர். மெந்தோல் பட்டால் அது குளிர் பட்டதுபோலவே திறந்துகொள்ளும். 2002இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியாக இதைக் கண்டறிந்தன. அவற்றை வழிநடத்திய டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் இருவரும் வெப்பத்தையும் தொடுதலையும் உடல் உணரும் விதம் பற்றிய ஆய்வுகளுக்காக 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆனால் மெந்தோல் நிறைய இருப்பது பெப்பர்மின்ட் வகையில். எங்கள் சாக்கில் வளர்வது வாசத்தை வைத்துப் பார்த்தால் ஸ்பியர்மின்ட் வகை; அதன் மணம் பெரும்பாலும் கார்வோன் என்ற பொருளால் வருவது, மெந்தோல் மிகக் குறைவு. மிட்டாய் சப்பினால் வருகிற ஜில்லிப்பு அதனால்தான் இதில் வருவதில்லை. மலையிலிருந்து மத்தியானம் இறங்கி வருகிறவர்களுக்கு மோரில் புதினாவும் பச்சைக் கொச்சிக்காயும் கசக்கிப் போட்டுக் கொடுத்தால் முகம் மாறுவதைப் பார்க்கிறேன். அதில் பாதிப் பெருமை மோருக்கும் உப்புக்கும் சேர வேண்டும்.

பிளேன்டியிலும் போடலாம். சாயம் இறங்கியதும் வடித்துவிட்டு, வடித்ததில் புதினா நுனி நாலைந்தும் ஒரு துண்டு இஞ்சியும் போட்டு மூடவும். தேயிலையோடு சேர்த்துக் கொதிக்க வைத்தால் இரண்டும் கெடும். பெப்ரவரி இரவில் இதை மூடி ஜன்னலுக்கு வெளியே வைத்துவிட்டால் ஐஸ் வேண்டாம். மறுநாள் மத்தியானம் வரை உள்ளே நிழலில் இருந்தால் போதும். ஆறியதும் தேத்தண்ணி கலங்கலாகத் தெரிந்தால் கெட்டுவிட்டது என்று கொட்டாதீர்கள். நல்ல தேயிலையை அடர்த்தியாகப் போட்டால் குளிரும்போது அப்படித்தான் கலங்கும். தேசிக்காய் பிழிந்தால் நிறம் வெளுக்கும். சீனி விருப்பம்போல.

மார்ச் கடைசியில் பின்னேரங்களில் இடி கேட்கத் தொடங்கும். நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்குக் கொழும்பிலிருந்து வண்டிகள் ஏறும் நேரத்தில் எங்கள் பக்கத்துக் கோடை முடிந்துவிட்டிருக்கும். இரண்டு நல்ல மழை விழுந்ததும் புதினாவைத் தரையிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு மொத்தமாக வெட்டிவிடுவேன். வெட்டிய தண்டில் நல்லதாக ஒரு கட்டு ஈரத் துணியில் சுற்றி அக்காவுக்குப் போகும். ஜூலைக்குள் அங்கே வேர் பிடித்துவிடும். மற்றதில் முற்றிய இலைகளை உருவி, ஊறவைத்து ஒன்றிரண்டாக அரைத்த கடலைப் பருப்பில் வெங்காயம், சோம்பு, கறிவேப்பிலையோடு சேர்த்து வடை தட்டுவோம். அந்தக் கடினமான இலைக்குக் கொதிக்கிற எண்ணெய்தான் சரி. மாவுக்குள் மூடிக்கொண்டு வேகும்போது அதன் கசப்புகூட நன்றாக இருக்கும்.